பச்சை என்றாள் அண்ணி

கண் போனால் ஆசையும் கூடவே போய்விடும் என்று எவர் சொன்னது? சைகோனில் எனக்கு இருபது வயதில் பார்வை முழுசாக அணைந்தது. அதுவரை தெருவில் போகிற பெண்களின் ஆவ்யாயைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. இரண்டு பக்கமும் வெட்டுவிட்டுத் தொங்கும் அந்த நீள உடுப்பில் இந்த வருஷம் கழுத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, இடுப்பு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். பார்வை போன பிறகும் பட்டா, சாட்டினா, வாயிலா என்று தொட்டே சொல்லிவிடுவேன். பாழாய்ப்போன நிறம்தான் விரலுக்கு அகப்படாது. அதற்கு நான் அண்ணியின் வாயைத்தான் நம்பியிருந்தேன்.

என்னோடு தட்டச்சு படித்த வியட்நாமியத் தோழிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் சீர்த்தட்டுகளை வாசலில் நின்று வாங்க ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் ஒரே இலைப்பச்சை ஆவ்யாய் என்று பேசி வைத்தோம். ஆமாம், ஆறில் ஒருத்தி நான்!

"தட்ட வாங்கி ரெண்டு அடி வச்சா மேசை வந்துரும். நான் பாத்துக்கறேன், நீ நில்லு" என்றாள் தோழி.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்வை போன இந்த இரண்டு வருஷத்தில் எங்கே போனாலும் என்னை உட்கார் என்றுதான் சொல்வார்கள். நில் என்று யாரும் சொன்னதே கிடையாது.

அண்ணி சோலோன் கடைத்தெருவுக்குப் போய்த் துணி எடுத்து, தைக்கவும் அவளே கொடுத்து வாங்கி வந்தாள். நல்ல சாட்டின், வழுக்கிக்கொண்டு போனது.

"பச்சைதானே அண்ணி?"

"பச்சைதான்டி. வாழைக்குருத்து மாதிரி இருக்கு."

விசேஷத்தன்று சைக்ளோ ரிக்‌ஷாவில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் திரும்பிவிட்டாள். வரிசையில் கடைசியாகப் போய் நின்றேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்கள் கப்பென்று அடங்கினார்கள். தோழியின் அம்மா வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"வெயிலா இருக்கு. நீ உள்ள வந்து உக்காரும்மா."

"இல்லம்மா, நான் தட்டு வாங்கணுமே."

"எல்லாரும் பச்சையில நிக்கறாங்க. நீ சாம்பல் கலர்ல வந்திருக்கியேம்மா. போட்டோ எடுக்கறாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார்.

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே தட்டு மாறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். "பச்சைன்னு சொன்னீங்களே அண்ணி, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"சொன்னேன்தான். பச்சையில நின்னா எல்லாரும் உன்னையே பாப்பாங்க. அந்தக் கண்ணப் பாத்து உச்சுக் கொட்டுவாங்க. எனக்குத் தாங்காதுடி. வேற கலர்னா உள்ள உக்கார வச்சிருவாங்கன்னுதான்..." என்று அவள் அழ ஆரம்பித்தாள். நான் அழ வேண்டிய இடத்தில் அவள் அழுததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அப்ப மாதா கோயிலுக்குப் போடற நீலக் கவுனு?"

"அது... அது நீலந்தான்டி."

அந்த ஒரு தயக்கம் போதும். என் பெட்டியில் இருந்த அத்தனை துணியும் அந்த நொடியில் நிறம் செத்துப்போயின.

மறுநாள் பிடிவாதமாகத் தனியாகவே சந்தைக்குப் போனேன். இலைப்பச்சை வேண்டும் என்றேன். இதோ என்று கடைக்காரி கையில் திணித்தாள். பக்கத்தில் நின்றவளைக் கேட்டேன், பச்சை என்றாள். வழியோடு போன இன்னொருத்தியை நிறுத்திக் கேட்டேன், அவளும் பச்சை என்றாள். முன்பின் தெரியாதவர்கள் ஏன் பொய் சொல்லப்போகிறார்கள்? ஆனால் அவர்களுக்கும் என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருந்தால்? துணியை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி கவுனோடு வந்து நின்றாள்.

"நீலம்டி. சத்தியமா நீலம். பூசைக்கு நேரமாச்சு."

நான் நம்பவில்லை. இரண்டு கைகளையும் தூக்கினேன். அவள் போட்டுவிட்டாள்.