துணி பத்தாத தலையணை

எங்கள் அத்தையின் கழுத்தைக் கெடுத்தது பஸ் டிரைவர்தான் என்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நான் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நரிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினாள்.

"பஸ்ஸுல தூங்கிட்டேன் மதினி. டிரைவரு பள்ளத்துல விட்டாரு, சுளுக்கிக்கிருச்சு" என்றாள் அம்மாவிடம். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கும் டிரைவர்களுக்குமான பகை. எந்த டிரைவர் என்று தெரியாததால், எங்கள் ஊர் வழியாகப் போன அத்தனை பேரையும் முறைத்தேன்.

அம்மா நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிட்டாள். கூந்தலைத் தூக்கியபோது நானும் எட்டிப் பார்த்தேன். பின்கழுத்தில் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. சீட்டுக் கம்பியில் சாய்ந்து தூங்கியிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மா அந்தத் தடங்களின்மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, கிண்ணத்து எண்ணெய் தீரும்வரை தேய்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரிய வேணாம் மதினி" என்றாள் அத்தை. ஒரு சுளுக்கை மறைக்க இவ்வளவு பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். அத்தை வந்த மறுநாளே நரிக்குடி மாமாவுக்குப் போன் போட்டுப் பேசி முடித்துவிட்டார். "சண்டை இல்லாத வீடு எது? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வாராரு. கூடக் கிளம்பிருத்தா" என்றார். அத்தை "சரிண்ணே" என்றாள். முகம் செத்துப்போயிருந்தது. அவள் போய்விடுவாளே என்று எனக்கும் வருத்தம்தான். அத்தை இருந்தால் தலை பின்னுவது அவள் வேலை. அம்மா பின்னினால் கண் வெளியே வந்துவிடும்.

எங்கள் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையில் அத்தைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தலை வைத்தால் அது பாட்டுக்கு அமுங்கிப்போகும். உமித் தலையணைதான் கழுத்தைத் தாங்கும் என்று அம்மா சொன்னாள். அந்த வருஷம் எங்கள் மானாவாரிக் காட்டில் விளைந்த குதிரைவாலி அருப்புக்கோட்டை மில்லில் அரிசியாகிக்கொண்டிருந்தது. அரிசியோடு உமியையும் ஒரு சாக்கில் கட்டி அப்பா பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

"ரெண்டாத் தைச்சிரு. ஜோடியாக் குடுத்தனுப்புனா மாப்பிள்ளைக்கும் மனசு குளிரும்" என்றார். எங்கள் பக்கம் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது பாயோடு தலையணையும் கொடுப்பார்கள். கொடுத்தால் ஜோடியாகத்தான். ஒற்றைத் தலையணையை எந்தப் பிறந்த வீடும் கொடுத்தனுப்பாது. அது எனக்கே தெரியும்.

உமியைப் புடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சுளகில் போட்டுத் தட்டினால் தூசி பறந்து மூக்கை அடைத்தது. தும்மித் தும்மி ஓய்ந்தேன். "நொய் ஒண்ணுகூட இருக்கக் கூடாதுடி. இருந்தா வண்டு விழும், எலி வரும், அத்தை தலையைச் சேத்துக் கடிக்கும்" என்று அம்மா பயமுறுத்தினாள். புடைத்ததை இரண்டு தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்துக் காயப்போட்டோம். எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒரு வேலையே இல்லை. காற்றுதான் பிடுங்கித் தின்றது. சேலையின் நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டுக் கோழியை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள். கெட்டியான காடாத்துணியை எடுத்து ஓரங்களில் இரட்டைத் தையல் ஓட்டினாள். மெல்லிய துணியென்றால் உமி குத்திக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். ஒரு மூலையில் கை நுழைகிற அளவுக்கு வாய் விட்டு, அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துச் செருகினாள். நான் உமியைக் கொட்டினேன். முட்ட அடைக்கக் கூடாது, கழுத்துக்குத் தக்கபடி உமி நகர இடம் வேண்டும். அத்தை படுத்துப் பார்த்தாள். "ரெண்டு கை எடுத்துருங்க மதினி" என்றாள். எடுத்தோம். மறுபடி படுத்து, கண்ணை மூடி, "இப்பச் சரியா இருக்கு" என்றாள்.

அம்மா தலையணையின் வாயை இறுக்கித் தைக்காமல் பெரிய பெரிய தையலாகப் போட்டாள். "உமி நாள்பட நொறுங்கிரும். அடுத்த அறுப்புக்குப் பிரிச்சுப் புது உமி போடணும்ல" என்றாள்.

"அடுத்த அறுப்புக்கா?" என்றாள் அத்தை.

"ஆமா, பின்னே?"

அத்தை பொலபொலவென்று அழுதாள். உமித் தூசி கண்ணில் விழுந்துவிட்டதாக்கும் என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மிக்சர் பொட்டலம். அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னார். பிறகு, "இந்தா, தலையணையை எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அம்மா ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இன்னொண்ணு எங்கே?"

"துணி பத்தல" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துணி இருக்கிற இடம் எனக்குத் தெரியுமே! பாவம், அம்மா மறந்துவிட்டாள். ஒரே ஓட்டமாக ஓடி, தையல் மிஷினுக்கு அடியிலிருந்து மீதித் துணியை இழுத்துவந்து விரித்துக் காட்டினேன். "பத்தும்மா! இந்தா, இன்னொரு தலையணைக்குத் தாராளமா இருக்கு!"

யாரும் என்னைப் பாராட்டவில்லை. அம்மா துணியை என் கையிலிருந்து வாங்கினாள். கத்திரிக்கோலை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க, நறுக் நறுக்கென்று துண்டு துண்டாக வெட்டினாள். "இது அடுப்படிக் கரித்துணிக்குண்ணே" என்று மாமாவிடம் மரியாதையாகச் சொன்னாள். பிறகு அத்தையைக் கூப்பிட்டாள். "இங்கன வந்து திரும்பி நில்லுத்தா. எண்ணெய் போடணும்." அப்பாவுக்கு நேராக அவளை நிறுத்திக் கூந்தலைத் தூக்கினாள்.

அப்பா பார்த்தார். நன்றாகப் பார்த்தார். மாமா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறுது, குடிங்க மாப்ள" என்றார் அப்பா கடைசியில். "குடிச்சுட்டுக் கிளம்புங்க. இப்ப ஒரு பஸ்ஸு இருக்கு."

மாமா தனியாகத்தான் போனார். அத்தை தலையணையை எடுத்துப் போய் என் பாயில், என் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள். நானோ நல்ல துணி பாழாய்ப்போன ஆத்திரத்தில் சாப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அதில் எனக்கு ஒரு பை தைத்திருக்கலாம்.

அதன்பிறகு அத்தை எங்களோடுதான் இருந்தாள். அம்மாவின் மிஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மிஷின் வந்தது. அடுத்த அறுப்பு முடிந்து புது உமி போட்ட சமயம், நூல் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போனோம். வழியில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டது. எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று, "மெதுவாப் போங்க! எங்கத்தை கழுத்தை ஒடிச்சது பத்தாதா?" என்று கத்தினேன்.

அத்தை என் வாயைப் பொத்தி இழுத்து மடியில் உட்காரவைத்தாள். "சும்மா இருடி. பாவம், அவுக என்ன செஞ்சாக?" என்றாள்.

கழுத்தை ஒடித்த ஆளுக்கே பரிந்து பேசுகிறாளே, அத்தைக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டு, நான் அந்த டிரைவரின் முதுகை முறைத்தபடியே அருப்புக்கோட்டை போய்ச் சேர்ந்தேன்.