ஹெட்லைட்டில் ஒட்டியிருந்த பசை

என் ஓரகத்தி ஏவ்ரிலுக்குப் பிரான்சு நாட்டுச் சாலைகள் அத்தனையும் மனப்பாடம். ஆனால் அப்போது பிரான்சில் அவள் கால் வைத்திருக்கவே இல்லை. கிரிம்ஸ்பியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே காலத்தைக் கழித்தவள் அவள். கலே துறைமுகத்தில் இறங்கியதும் ரூவான் நகர நெரிசலில் சிக்காமல் எப்படிச் சுற்றிப் போவது, எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை கூடும் என்று கேட்டால் போதும், மடமடவென்று சொல்லுவாள்.

கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி வெளியே போட்ட கையோடு சமையலறை மேஜையில் வரைபடம் விரியும். மூலைக்கு ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு ஜாம் புட்டி. எதிரே அவள் கணவன் டெஸ் உட்கார்ந்து தலையாட்டுவான். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கும். கூரை ஒழுகும், அவன் அம்மா வழுக்கி விழுவாள், காரின் கியர் பெட்டி போகும். "அடுத்த வருஷம் கண்டிப்பா, கண்ணு" என்பான். அவளும் நம்புவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். நம்புவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் இடம். தெற்கே தோர்தோன் ஆற்றங்கரையில் நீலக் கதவு போட்ட ஒரு சின்ன விடுதி. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஏதோ பத்திரிகையில் படம் பார்த்தாளாம். தண்ணீருக்கு மேலேயே மேஜை போட்டிருப்பார்கள். "அந்த மேஜைல உக்காந்து ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சிட்டேன்னா போதும்டி ஹேசல். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்."

டெஸ் ஓய்வு பெற்ற வருடம் ஒருவழியாக அடுத்த மே மாதத்துக்குக் கப்பல் சீட்டு வாங்கிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் டெஸ் ஆளே மாறிவிட்டான். முன்பெல்லாம் தலையை மட்டும் ஆட்டியவன் இப்போது வாய் திறந்து பேசினான். அந்த ஊரில் திங்கட்கிழமை ஒரு கடையும் திறக்காது என்றான். அந்தப் பாலம் குறுகல், எதிரே வண்டி வந்தால் பின்னால்தான் எடுக்க வேண்டும் என்றான். எங்கேயோ படித்தானாம். ஏவ்ரில் என்னிடம் வந்து பெருமையடித்துக்கொண்டாள். "பாரேன், அவனுக்கும் இப்பதான் ஆசை வந்திருக்கு."

ஒத்திகைகூட நடந்தது. நம் காரில் ஓட்டுகிறவர் உட்காருவது வலப் பக்கம். அங்கே சுங்கச்சாவடியில் சீட்டு நீட்டும் பெட்டி இருப்பது இடப் பக்கம். ஆகவே இடப் பக்கம் இருப்பவர்தான் கையை நீட்டிச் சீட்டை எடுக்க வேண்டும். டெஸ் எங்கள் வேலி ஓரமாகக் காரை மெல்ல ஓட்டி வருவான். நான் ஒரு சீட்டாட்டச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஏவ்ரில் ஜன்னல் வழியாக லபக்கென்று பிடுங்கிக்கொள்வாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவனும்தான் சிரித்தான். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் மாதம் டெஸ்ஸுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும் வேலை ஏவ்ரில் தலையில் விழுந்தது. அவள் போன் பண்ணி "உடனே வா" என்று சொன்ன குரலைக் கேட்டு, அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன்.

வீட்டுச் செருப்போடு காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. கையில் அன்றைக்குத்தான் வாங்கி வந்த கறுப்பு ஸ்டிக்கர். பிரான்சில் வலப் பக்கம் ஓட்டும்போது நம் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும் என்பதால் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. அதை ஒட்டிப் பார்க்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள். துடைக்கத் துடைக்க ஒரு சாம்பல் திட்டு மட்டும் போகவில்லை. பழைய பசை, அதன்மேல் படிந்த அழுக்கு. ஸ்டிக்கரை அதன்மேல் வைத்துக் காட்டினாள். அச்சு அசலாகப் பொருந்தியது. அடுத்த விளக்கிலும் அப்படியே.

"புதுசா வாங்கின கார்தானே இது?" என்றேன்.

"ஆமா. வேற யார் கையிலயும் இருந்ததில்ல."

வேறு யாராக இருந்தாலும் காக்கா எச்சம் என்று சுரண்டிப் போட்டிருப்பார்கள். ஏவ்ரிலுக்கு அது இன்னதென்று தெரிந்ததே அவள் செய்த பாவம்.

உள்ளே டெஸ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம கார் எப்ப பிரான்சுக்குப் போச்சு, டெஸ்?"

காது இரண்டும் சிவந்தன. "அது... ஆபீஸ் வேலையா ஒரு தடவை. செப்டம்பர்ல. கொஞ்ச தூரந்தான். தனியாத்தான் போனேன்."

"தனியாவா? சுங்கச்சாவடில சீட்டு யாரு எடுத்தா?"

அவன் செய்தித்தாளை மடித்தான். அவள் விடவில்லை. "சொல்லு. ஒவ்வொரு தடவையும் இறங்கி, காரைச் சுத்திட்டுப் போய் எடுத்தியா? பின்னால வந்தவனெல்லாம் ஹாரன் அடிக்காம கைதட்டினானா?"

"கிளிஃப்" என்றான் டெஸ்.

கிளிஃப் அவன் தம்பி. எனக்குத் தாலிக்குப் பதிலாக மோதிரம் போட்ட மகராசன், என் புருஷன். செப்டம்பரில் அண்ணனும் தம்பியும் ஸ்காட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார்கள். வரும்போது ஒரு பெரிய சால்மன் மீனைத் தூக்கிக்கொண்டு வந்தான். நானும் எலுமிச்சை பிழிந்து சுட்டு, என்ன இருந்தாலும் ஸ்காட்லாந்து மீன் ருசியே தனி என்று சப்புக்கொட்டித் தின்றேன். எங்கள் ஊர்த் துறைமுகச் சந்தையிலேயே வாங்கியிருக்கிறான் படுபாவி.

"எந்த வழியா போனீங்க?" என்று கேட்டாள் ஏவ்ரில்.

"நீ போட்ட வழிதான். அருமையான வழி" என்றான் டெஸ். அதைப் பாராட்டாகவே சொன்னான். "நீ வந்தா ஒவ்வொரு சர்ச் வாசல்லயும் நிறுத்தச் சொல்லுவ. அவன்கூடன்னா சும்மா ஓட்டிட்டே போலாம். உன்னைக் கூட்டிட்டுப் போகத்தானே சீட்டு வாங்கினேன்? மே மாசம் போலாம், கண்ணு."

"பொம்பள விவகாரமா இருந்தா எனக்கு என்ன செய்யறதுன்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள் ஏவ்ரில். "குளிர்காலம் முழுக்க என் எதிர்ல உக்காந்திருந்தியே. எதுக்கு?"

அவள் அழவில்லை. வரைபடத்தை மடித்தாள். ஜாம் புட்டியை அலமாரியில் வைத்தாள். வீட்டுக்குப் போய் கிளிஃபை என்னவெல்லாம் கேட்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மே மாதம் அந்தக் கப்பல் சீட்டில் ஏவ்ரிலும் நானும் போனோம். அவள் ஓட்டினாள். இடப் பக்கம் உட்கார்ந்து சீட்டு எடுத்தது நான். அவள் சொன்ன இடத்தில்தான் எல்லாம் இருந்தது. டெஸ் சொன்னபடியே பாலம் குறுகலாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை ஒரு கடையும் திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அவள் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது. பிறர் உடுத்திக் கழற்றிய புடவையைக் கட்டிக்கொண்டது போல் இருந்திருக்கும்.

நீலக் கதவைத் திறந்தவள் விடுதிக்காரி வெர்ன்யே அம்மாள். எங்கள் குடும்பப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாஸ்க்கா? போன செப்டம்பர்ல ரெண்டு அண்ணன் தம்பி வந்தாங்களே! பெரியவர் ஆத்தோர மேஜையை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு. அவரோட மனைவிக்குப் பயணம்னாலே ஆகாதாம். வீட்ல வரைபடம் பாத்துக்கிட்டு இருந்தாலே அவங்களுக்குச் சந்தோஷம்னு சொன்னாரு. அந்த அம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?"

நான் வாய் திறப்பதற்குள் ஏவ்ரில் முந்திக்கொண்டாள்.

"எனக்கு அவங்களை நல்லாத் தெரியும்" என்றாள். "அவங்க வரல."

ஆற்றோர மேஜை காலியாகத்தான் இருந்தது. நாங்கள் உள்ளே, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.