நானோ மருந்துக்குப் பத்தியம்

எழிலரசி அதிர்ந்து பேசாதவள் என்று அடி அண்ணாமலை கிராமத்தில் யாராவது சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சிரித்துவிடும். சத்துணவுக்கூடத்தில் சமைப்பவள் அவள். பத்து முட்டை குறைந்து வந்தால் அதிகாரியின் ஜீப்பை மறித்து நிற்பாள். அப்படிப்பட்டவளையே ஒருவன் ஒன்பது நாள் வாயடைத்து வைத்திருந்தான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவள் கணவர் அப்பாசாமி ஆட்டோ ஓட்டியவர். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கியே இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தார். 2005-ல் வலது கை நடுங்கத் தொடங்கியது, நடை தள்ளாடியது. பீடிகூடத் தொடாத மனுஷனை, காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறான் என்று ஸ்டாண்டில் ஒதுக்கி வைத்தார்கள். வேலூரில் ஒரு நரம்பு டாக்டர்தான் இது பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்றார். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் அப்பாசாமி சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார், சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுவார். நோய் போகவில்லை, பிழைப்பு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

2008 சித்திரைப் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் புதிதாக ஒரு பந்தல். உள்ளே வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக 'டாக்டர்' கோதண்டராமன். மேசைமேல் லேமினேஷன் செய்த ஆங்கில ஆராய்ச்சிப் பத்திரிகைத் துண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் அதன் ஜெராக்ஸ் இலவசம்.

"வயசானா மூளையில இருக்கிற புரதம்லாம் கோணிக்கும்மா. அதை ரிப்பேர் பண்ற என்சைம் ஒண்ணு இருக்கு, அது கம்மியாயிடும். இந்த நானோ தங்கத் துகள் உள்ள போய் அந்த என்சைமை எழுப்பி விட்டுடும். ஒரே மண்டலம். ஐயா பழையபடி ஆட்டோ ஓட்டுவாரு" என்றான், விசாரிக்க வந்த எழிலரசியிடம். பொடிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஆனா பத்தியம் முக்கியம். புளி, கத்திரிக்காய், கருவாடு கூடாது. இங்கிலீஷ் மாத்திரையைத் தொடவே கூடாது."

அங்கேதான் அவள் விழுந்தாள். நானோ அவளுக்குப் புரியவில்லை, பத்தியம் புரிந்தது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி குடித்தபோதும், பிள்ளை பெற்றபோதும் பத்தியம் காத்துத் தேறியவள். மருந்து கேட்கவில்லை என்றால் பத்தியத்தை முறித்தவர் மேல்தான் குற்றம் என்பதில் அவள் வளர்ந்த வீட்டில் இரண்டாம் பேச்சே கிடையாது. மாத்திரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அப்பாசாமிக்குக் கைகால் விறைத்தது. ஐந்தாம் நாள் படுக்கையில் புரள முடியவில்லை.

"மாத்திரை குடு, எழிலு." குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"பொறுத்துக்கோங்க. பத்தியம் முறிஞ்சா எல்லாம் வீணாப் போயிடும்" என்றாள்.

ஏழாம் நாள் அவர் பீரோவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணில் நீர் வழிந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். ஒன்பதாம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு மடக்குத் தண்ணீருக்கே புரையேறியது. அலறியடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

"மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்றாள் அங்கிருந்த பெண் டாக்டர். எழிலரசி ஜெராக்ஸை நீட்டினாள். படிக்கப் படிக்க டாக்டரின் முகம் சிவந்தது.

"இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா? கெட்டுப்போன புரதத்தைச் சரிபண்ற என்சைமைக் கண்ணுக்கே தெரியாத துகள்மேல ஏத்தி, வீரியம் குறையாம வச்சிருக்க முடியுமான்னு கண்ணாடிக் குழாய்ல பார்த்திருக்காங்க. எலிக்குக்கூட இன்னும் குடுக்கலை. மனுஷனுக்கு வர எத்தனை வருஷமோ, வராமயே போனாலும் போகலாம்னு கடைசி வரியில அவங்களே எழுதியிருக்காங்க."

கடைசி வரி! அதைப் படித்துச் சொல்ல மட்டும் அந்த ஆளுக்கு வாய் வரவில்லை. எங்கோ நாலு பேர் வருஷக்கணக்காகப் பாடுபட்டு, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் யோக்கியமாக எழுதி வைத்த காகிதம் அது. அதைக்கொண்டு போய்த் தூண்டிலில் புழுவாக மாட்டியிருக்கிறான், பாவி.

பதினாறு நாள் கழித்து அப்பாசாமி வீடு திரும்பினார். அந்த வாரமே வைகாசிப் பௌர்ணமி. மத்தியானமே எழிலரசி பந்தலுக்குப் போய் நின்றாள். கோதண்டராமன் கொஞ்சமும் அசரவில்லை. வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி இரக்கமாகக் கேட்டான்: "பத்தியத்துல எங்கியோ தப்பு பண்ணிட்டீங்களேம்மா. புளி சேர்த்தீங்களா?"

எழிலரசி வரிசையை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் போனாள்.

"தப்பா? ஒரு பொட்டுப் புளி சேர்க்கலடா! அவரு அழுதாரு. அழுது மாத்திரை கேட்டாரு. உன் பேச்சைக் கேட்டு நான் குடுக்கலடா. என் பத்தியம் முறிஞ்சிருந்தா அந்த மனுஷன் நல்லா இருந்திருப்பாரு!" மேசைமேல் இருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கடைசி வரியைப் படி. இவங்க எல்லாரும் கேக்கணும். படிடா!"

அவன் படிக்கவில்லை. வரிசை கலைந்தது, சாயங்காலத்துக்குள் பந்தலும் போயிற்று. அடுத்த பௌர்ணமிக்கு வேறு எந்த ஊரில் போட்டானோ, யார் கேட்டார்கள்?

அப்பாசாமி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மாத்திரை டப்பா அவர் கைக்கெட்டும் இடத்தில் திறந்தே இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ள யாரும் தடையில்லை. ஆனாலும் வேளை வந்தால் டப்பாமேல் விரலை வைத்துக்கொண்டு எழிலரசியின் முகத்தைப் பார்க்கிறார்.

"போட்டுக்கலாமா, எழிலு?"