முடிவுத் தேதி இல்லாத வீடு

சித்தி வீட்டு வாசலில் இன்றும் ஒரு சிமென்ட் மூட்டை கிடக்கிறது. மழையில் நனைந்து, மூட்டை வடிவிலேயே இறுகிக் கல்லாகிவிட்டது. சாக்கு கிழிந்து எங்கோ போயிற்று. அதன் நெசவு மட்டும் கல்லின் மேல் அப்படியே பதிந்திருக்கிறது. சித்தி அதில் துணி துவைக்கிறாள்.

அரசுத் திட்டத்தில் அவளுக்கு வீடு ஒதுக்கியபோது நான் ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒவ்வொரு வீட்டுக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, இடையில் ஆன நாள்கள், கீழே சராசரி. வாராந்திர அறிக்கை அவ்வளவுதான். முடிந்த தேதி காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் தாறுமாறான எண்ணைக் காட்டியது. காலியானவற்றைச் சேர்க்காமல் விடும்படி ஃபார்முலாவை மாற்றினேன். அறிக்கை சுத்தமாயிற்று, அதிகாரி பாராட்டினார். காலி இடத்தில் அன்றைய தேதியை வைத்துக் கணக்கிடலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. அறிக்கையில் நாள் கூடிய வீடுகளைத்தான் ஓவர்சியர் முதலில் போய்ப் பார்ப்பார் என்பதும் தெரியும்.

சித்தி வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றிருந்தது. ஓவர்சியர் வந்து பார்த்தால்தான் அடுத்த தவணைப் பணத்துக்குப் பில் போடுவார். சீர்காழியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

“வளைகாப்பு போட்டுப் பிள்ளையை அழைச்சிக்கிட்டு வரணும் தம்பி. கீத்துக் கொட்டாயிலயா படுக்க வைப்பேன்? உங்க கம்ப்யூட்டர்ல என் வீடு இருக்குல்ல?”

“இருக்கு சித்தி.”

“அப்பறம் எனக்கென்ன கவலை” என்று பையிலிருந்த முருங்கைக்காய்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்னது பொய்யில்லை. அவள் பெயர் இருந்தது, நாள்தான் எண்ணப்படவில்லை.

ஓவர்சியர் வராமலே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது; வாசலில் வாங்கிப் போட்டிருந்த சிமென்ட் நனைந்தது. தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலேயே ஆயிற்று. குழந்தைக்குப் பேர் வைத்த அன்று, “மெத்தை வீடு வருது வருதுன்னாங்க, பிள்ளைதான் முதல்ல வந்துடுச்சு” என்று சம்பந்தியம்மா பந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம். சித்தி அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒருவழியாக வீடு முடிந்து தேதி ஏறிய வாரம், சராசரி எகிறியது. “எதுங்க இது, மொத்தக் கணக்கையும் கெடுக்குது?” என்றார் அதிகாரி.

“பழைய வேலைங்க சார்” என்றேன். என் சித்தி வீடு என்று சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் போயிருந்தேன். பேத்தி அந்தக் கல்லின் மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். “மாமா, மூட்டை எப்படிக் கல்லாச்சு?”

நான் வாயெடுப்பதற்குள் சித்தி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “மழைதான்டி. மாமாவைக் கேட்டா, அவருக்கென்ன தெரியும்? உள்ள வா தம்பி, காபி ஆறுது.”

செருப்பைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் படியேறாமல், கொஞ்ச நேரம் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.