முப்பத்திரண்டு ஓட்டைகள்

மச்சான் அனுப்பிய அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. ஆளுயரத்தில் ஒரு பெட்டி, அதன் பின்பக்கம் மட்டும். வள்ளத்துக்கு அடிக்கும் நீல நிறம், வெயில் பட்டுப் பளபளக்கிறது. படத்தின் கீழே அவர் கேட்ட ஒரு கேள்வி. கேள்வியின் கீழே என் பதில். பதிலில் எழுத்து எதுவும் இல்லை, உயர்த்திய கட்டைவிரல் ஒன்று மட்டும். இடம் நிரம்பிவிட்டது, பழையவற்றை அழி என்று கைபேசி கெஞ்சும்போதெல்லாம் எத்தனையோ கல்யாண வீட்டுப் படங்களை யோசிக்காமல் அழித்திருக்கிறேன். இதை அழிக்க மட்டும் கை வரவில்லை. பாசத்தால் அல்ல, பயத்தால். அழித்துவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று நானே நம்பத் தொடங்கிவிடுவேன்.

மச்சான் என்றால் என் ராத்தாவின், என் அக்காவின், கணவர். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். கற்பிட்டியில், கடல் உள்ளே புகுந்து தேங்கி நிற்கும் களப்பின் கரையோரமாக அவருக்கு ஒரு ஃபைபர் வள்ளப் பட்டறை இருந்தது. நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி வரை நான் ஏறாத கூரை குறைவு. வள்ளம் செய்வதில் மச்சான் கெட்டிக்காரர். ஆளைக் கேலி செய்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். பட்டறையில் அவரோடு வேலை செய்த இரண்டு பேரும் பாதிச் சம்பளத்துக்கு அவருடைய கதையைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று ராத்தா சொல்வாள். நானும் அந்தக் கதைகளுக்காகவே வேலை முடிந்து பின்னேரங்களில் அங்கே போய் உட்கார்ந்தவன்தான். கேலி என் பக்கம் திரும்பாத வரைக்கும் எனக்கு அது நன்றாகவே இருந்தது.

வள்ள எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று நின்று ஊர் களைத்துப்போன காலத்தோடு பட்டறை படுத்துவிட்டது. வரிசைகள் முடிந்த பிறகும் எழும்பவில்லை. இருக்கிற வள்ளத்தையே கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறவன் புது வள்ளத்துக்குச் சொல்லிவைப்பானா? ஊரில் ஒவ்வொருவராகக் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். மச்சானும் கடவுச்சீட்டு எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டார். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் துணி எடுக்கப் பழகிக்கொண்டதாக ராத்தா ஒருநாள் என்னிடம் சொன்னாள். இளைய பிள்ளைக்கு அப்போதுதான் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் இந்தப் பெட்டி வந்தது. காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓட வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் உடைக்கும் பலகைகளை ரெசின் வைத்து ஒட்டிக்கொடுக்கும் சில்லறை வேலை மச்சானுக்கு இருந்தது. அப்படிப் பலகை ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், விடுதி முதலாளி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். நின்றுகொண்டு விளையாடும் பழைய காலத்து விளையாட்டுப் பெட்டி. மேலே திரை, கீழே பிடியும் பொத்தான்களும். வெளியிலிருந்து எடுப்பித்தால் கட்டாது, எடுத்தாலும் இரண்டு பருவத்தில் உப்புக்காற்று தின்றுவிடும், நீ ஃபைபரில் செய்து தருவாயா, நன்றாக வந்தால் என் மற்ற விடுதிகளுக்கும் நண்பர்களுக்கும் வேண்டும் என்று கேட்டாராம். மச்சான் அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்காரும் முன்னமே ராத்தாவிடம் சொன்னது ஒரு வசனம்: "இது சரிவந்தா நான் போகல்ல." ராத்தா எழும்பிப் போய் வீட்டிலிருந்த பழைய பெரிய டீவியின் வயரைத் தானே கழற்றி, திரைக்கு இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். நாடகம் பார்க்காமல் நான் செத்துப்போக மாட்டேன் என்றும் சொன்னாள்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதை அந்த ஒன்றரை மாதத்தில் கண்ணால் பார்த்தேன். விடுதிக்காரரின் படத்தைப் பார்த்து, வள்ளத்துக்கு வரைவது போலப் பட்டறைத் தரையிலேயே முழு அளவில் பெட்டியின் பக்கத்தை வரைந்தார். பிளைவுட்டை அதே கோட்டில் அறுத்து, அதன் மேல் ஃபைபர் விரித்து ரெசின் பூசினார். மின்சார வேலை எனக்கு. மூடிப்போன ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பழைய கம்பியூட்டர் ஒன்று கிடைத்தது, அதில் அந்தக் காலத்து விளையாட்டுகளை ஏற்றினேன். அதன் தட்டச்சுப் பலகையைப் பிரித்து, உள்ளே இருந்த தகட்டிலிருந்து மயிரிழை வயர்களை இழுத்து, வீட்டு வாசலில் வைக்கும் கோலிங்பெல் சுவிட்சுகளுக்குக் கொடுத்தேன். சுவிட்சுகளின் மேல் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் மூடிகள். அவைதான் பொத்தான்கள். பிடிக்கு ஓர் இரும்புக் கம்பி. அது ஆடித் திரும்பி நடுவுக்கு வர எஞ்சினுக்கு அடியில் வைக்கும் ரப்பர். கைப்பிடிக் குமிழுக்கு வலையில் கட்டும் சிவப்பு மிதப்பைப் பாதியாக அறுத்துத் தேய்த்து வைத்தார் மச்சான். காசு போடும் துவாரம் மட்டும் வைக்கவில்லை. சூது என்று யாரும் பள்ளிவாசலில் கதை எடுக்கக்கூடாது என்பது அவர் நினைப்பு. திரையில் முதன்முதலாகப் படம் வந்து, சிவப்புக் குமிழைத் தள்ளியதும் சின்ன ஆள் ஒருவன் வலது பக்கம் ஓடினானே, அந்தக் கணத்தில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பிணக்கு ஓட்டையில் வந்தது. பழைய டீவி ஓர் அடுப்பு மாதிரி, கூடவே ஒரு கம்பியூட்டர். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் சூடு வெளியே போக வழி வேண்டும். நான் பின் பலகையில் மேலே பதினாறு, கீழே பதினாறு என்று முப்பத்திரண்டு ஓட்டைகள் துளைத்தேன். மச்சான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க ஓட்டையை அடைத்தே பிழைத்த மனிதர் அல்லவா? கடற்கரையில் உப்புக்காற்று ஊசி நுழையும் இடத்தில் ஒட்டகமாக நுழையும் என்றார். நான் சூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் உப்பைப் பற்றிச் சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் அவர் இரண்டு வேலையாட்களையும் பார்த்துத் திரும்பி, "ஓட்ட உள்ள வள்ளத்த எவன் வாங்குவான் மச்சான்? கூரையில ஏறுறவனுக்குக் கடல் தெரியாது" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவர் எப்போதும் கதைக்கிற கதைதான். எனக்கு மட்டும் அன்று கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. என் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அடுத்த நாள் சிலாபத்தில் ஒரு வேலைக்குப் போய் ஒரு கிழமை, ஏழு நாளும், அங்கேயே தங்கிவிட்டேன்.

அங்கே சாப்பாட்டு நேரத்தில்தான் இந்தப் படம் வந்தது. கூடவே எழுதியிருந்தார்: "ஓட்டையெல்லாம் அடச்சிட்டன் மச்சான். இனி உப்புக்காத்து உள்ளுக்கு வராது. சரிதானே?"

இதை நான் பலமுறை எனக்குள்ளேயே பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கையில் சோறு இருந்தது, திரை சின்னது, சரியாகப் பார்க்கவில்லை என்றெல்லாம். எல்லாம் பொய். நன்றாகப் பார்த்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் ஓட்டையின் தடம்கூட இல்லாமல் ரெசின் பூசித் தேய்த்து நிறமடித்திருந்தார். இது சரிவராது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே கட்டைவிரலை அனுப்பினேன். பெட்டி கொஞ்சம் சூடாகும், நின்றுபோகும், அப்போது என்னைத் தேடி வருவார், அந்த இரண்டு பேருக்கும் முன்னால் நீ சொன்னதுதான் சரி என்று சொல்வார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ராத்தாவின் அலுமாரியில் இருந்த கடவுச்சீட்டு அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவே இல்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி. வீம்பு பிடித்த மனிதர், கேலி செய்த மனிதர், அடைத்த பிறகாவது என்னிடம் சரிதானே என்று கேட்டிருக்கிறார். அதுவும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

பட்டறை நிழலில், களப்புக் காற்றில், பதினைந்து நிமிடம் போட்டுப் பார்த்ததில் பெட்டி ஒழுங்காக ஓடியது. விடுதிக்குக் கொண்டுபோகும் நாளில் நான் திரும்பி வந்திருந்தேன். லொறியில் ஏற்றும்போது பின் பலகையைத் தாங்கிப் பிடித்தது என் கைதான். கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. டிரில் என் பையில் இருந்தது. பத்து நிமிட வேலை. மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லா முடிச்சிரிக்கி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

விடுதியின் முன் விறாந்தை மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் நேராகப் பெட்டியில் விழுந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் கூச்சல் போட்டு விளையாடினார்கள். முதலாளி படம் எடுத்தார், யார் யாருக்கோ அனுப்பினார். மச்சான் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஒரு தூணோடு நின்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். படம் நடுவில் சுருங்கியது. பிறகு நிறம் போனது. ரெசின் சூடேறும் வாசனை எங்கள் இருவருக்கும் முதலில் வந்தது. மூக்குக்குப் பழகிய வாசனை. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் திரையின் விளிம்பால் புகை வந்துவிட்டது. பின் பலகையைக் கழற்ற வழியில்லை, தண்ணீர் போகக்கூடாதென்று அதையும் சேர்த்து ஒட்டியிருந்தார். வேலைக்காரர் ஒருவர் தீயணைக்கும் நுரையை அடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி நல்ல மனிதர், கோபப்படவில்லை. விருந்தாளிகள் இருக்கிற இடம், பயமாக இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்றார். எங்கள் பக்கத்தில் பிறகு பார்ப்போம் என்றால் என்ன என்று மச்சானுக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது லொறியின் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நுரை காய்ந்து அவர் சட்டையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி மச்சான். நான்தான் கேக்கல்ல." நான் கேட்க ஆசைப்பட்ட வசனம், ஒரு சொல் பிசகாமல். கட்டைவிரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமே கட்டாருக்குப் போய்விட்டார். விமான நிலையத்தில் ராத்தாவையும் பிள்ளைகள் இருவரையும் காட்டி, நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் போகிறேன் என்று சொல்லிக் கட்டிப்பிடித்தார்.

மூன்று வருடமாகிறது. இரண்டு முறை விடுமுறை தள்ளிப்போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ராத்தா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். இந்த நோன்புக்கும் அவர் வரப்போவதில்லை என்று அன்றுதான் அவளுக்குச் செய்தி வந்திருந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டே புருஷனை ஏசினாள். எல்லாம் அவருடைய வீம்பால் வந்தது, "உன்ட சொல்லக் கேட்டிருந்தா இண்டைக்கு எங்களோட இருந்திருப்பார்" என்றாள். மூன்று வருடமாக இதையே சொல்கிறாள். என்னை உயர்த்தி, அவரைத் தாழ்த்தி. அன்று பாதிச் சோற்றோடு எழும்பினேன். கையைக் கழுவிவிட்டு வந்து கைபேசியை அவளிடம் நீட்டினேன். படத்தைப் பார்த்தாள். கேள்வியை வாசித்தாள். என் பதிலைப் பார்த்தாள். பார்த்துத் தெரிந்துகொண்டே அனுப்பினேன் ராத்தா, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்ற கோபத்தில் அனுப்பினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, நீ பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாய் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, இன்றைக்கே சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லாத" என்றாள். "எங்களயெல்லாம் உன்ட கையில தந்துட்ட நம்பிக்கையிலதான் அந்த மனுசன் அங்க நித்திர கொள்ளுது. அதயும் எடுக்காத."

கொஞ்ச நேரத்தில் அவர் வழக்கமாக எடுக்கும் வீடியோ அழைப்பு வந்தது. ராத்தா சாதாரணக் குரலில் கதைத்தாள், பிள்ளைகளைக் கொடுத்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். மெலிந்திருந்தார். ஆனால் உற்சாகமாக இருந்தார். அடுத்த வருடம் எப்படியும் வந்துவிடுவாராம். பட்டறையை வாடகைக்குக் கொடுக்க வேண்டாமாம். ஒரு பழைய டீவி பார்த்து வைக்கச் சொன்னார்.

"இந்த முற நீ சொல்றபடிதான் மச்சான்" என்றார். "நீ ஓம் என்டு சொல்லாம நான் ஒன்டும் செய்ய மாட்டன்."

ராத்தா எதிர்க் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓம் என்றேன்.