லெட்சுமியின்ரை திறப்பு

அண்டைக்குக் காலமை பத்து இருபது. வாய்க்கால் கந்தோரிலை தண்ணிமட்டக் கொப்பி எழுதிக்கொண்டிருக்கேக்கை ரெலிபோன் அடிச்சது. மலேரியாக் காய்ச்சலோடை ஆசுப்பத்திரியிலை விட்டிட்டு வந்த என்ரை மனுசி லெட்சுமி செத்துப்போயிட்டா எண்டிச்சினம். இரண்டடி நாலங்குலம் எண்டு எழுதி முடிச்சிட்டுத்தான் எழும்பினன். ஏனெண்டு இப்பவும் தெரியேல்லை.

ஊராக்கள் நீங்கள் முப்பத்தொண்டாம் நாள் குடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு, அதுதான் கல்வெட்டுக்கு, என்னையும் எழுதச் சொன்னியள். அவாவை உங்களுக்குத் தெரியும். புகழேல்லை, நடந்ததை எழுதுறன்.

கலவரத்தோடை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு தர்மபுரம் வந்த குடும்பம் அவாவின்ரை. கலியாணத்துக்குப் பிறகு வட்டக்கச்சிக்கு வந்தா. டீசல் இல்லாமல் ட்ரக்டரெல்லாம் படுத்த அந்தப் போகம், நெல்மூட்டை வயலிலை கிடக்குது, மழை கறுக்குது. அவா வாய்க்காலைப் பாத்தா.

"தண்ணி சும்மாதானே போகுது. மூட்டையையும் கூட்டிட்டுப் போகட்டுமே."

"வாய்க்கால் வயலுக்கு. வள்ளத்துக்கில்லை."

"வாய்க்காலு உங்ககிட்ட சொல்லிச்சா?"

ஆறு தார்ப்பீப்பாவிலை பலகை கட்டி மிதவை செய்தம். பத்து மூட்டை தாங்கிச்சுது. ஆனால் வாய்க்கால் மூண்டடி கீழை விழுற சீமெந்துப் படியிலை எல்லாத்தையும் இறக்கித் திருப்பி ஏத்த வேணும். உங்களிலை கனபேர் அதிலை முதுகு முறிஞ்சனீங்கள். அவாவும் சுமந்தா.

அண்டு பின்னேரம் நான் படிச்ச காலத்துப் படமொண்டைக் கீறிக் காட்டினன். மேலையும் கீழையும் பலகை போட்டு, நடுவிலை தண்ணியை ஏத்தி இறக்கி வள்ளத்தைக் கடத்திறது. இங்கிலீசிலை இதை லொக், பூட்டு எண்டுறவை எண்டன்.

"பூட்டுன்னா சாவி எங்கங்க?"

"சாவி எண்டில்லை. இஞ்சை அதைத் திறப்பு எண்டு சொல்லும்."

"தண்ணி விடுறதையும் திறப்புன்னுதானே சொல்றீங்க? அப்ப பலகையைத் தூக்குற கொக்கிதான் திறப்பு."

நான் சிரிச்சன். அவா சிரிக்கேல்லை. படியின்ரை சுவரிலை பலகை இறக்கிற நீட்டுப் பள்ளம், தவாளிப்பு, மேலையும் கீழையும் முந்தியே இருந்தது; அதிலை பலகையளைப் போட்டம். மற்றக் கிழமை முதல் மிதவை ஒரு மூட்டையும் இறக்காமல் படி இறங்கிச்சுது. அண்டு தொடங்கி எல்லாரும் அந்தக் கொக்கியைத் திறப்பு எண்டுதான் சொல்லுறியள்.

எங்கடை கந்தோருக்கு மேலான பெரிய ஐயா ஒருத்தர் ஜீப்பிலை வந்து, "ஆரின்ரை வேலை இது? தண்ணி வீணாகுது" எண்டார். நான் வாய் திறக்கேல்லை. உத்தியோகம் பாருங்கோ. அவா முன்னுக்குப் போனா.

"என்னோட வேலைங்க ஐயா. நடுவுல நிக்கிற தண்ணி எங்க போகுது? கீழ் வயலுக்குத்தான். அளந்து பாருங்க."

அவர் அளக்கேல்லை. நான் பிறகு அளந்தன். அவா சொன்னது சரி. அண்டைக்கு வாய் திறக்காததுக்கு இப்ப ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது?

இண்டைக்கு அதே ஐயா ரெலிபோன் எடுத்தார். "அந்த மனுசியும் இல்லை. கீழ்ப்பலகையளைக் கழட்டிப் போடும்."

"ஏலாது, சேர்."

"வேலை போகும்."

"போகட்டும். பலகை போகாது."

அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கோவம் கூட வரேல்லை. அறுவடை நெருங்குது, மிதவையளைக் கட்டுங்கோ. அவாவின்ரையெண்டு நான் வைச்சிருக்கிறது அந்தக் கொக்கி ஒண்டுதான். ஆர் கேட்டாலும் குடுக்கமாட்டன், நானே நிண்டு பலகை தூக்குவன். என்னைத் தேடுறவை படியடிக்கு வாங்கோ. கந்தோருக்கு எடுக்காதேங்கோ, ரெலிபோன் றிசீவரைத் திருப்பி வைக்காமல் மேசையிலை விட்டிட்டன்.