மாமாவின் வேட்டியும் சூடேறாத டிரையரும்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மாமனாருக்குச் சிறுநீரை அடக்க முடியவில்லை. எனக்கு அது தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சின்ன ஃபிளாட்டுக்குள் இந்த நாடகம் மழைக்காலம் முழுக்க நடந்தது.

கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். கஞ்சி போட்ட வேட்டி கசங்காமல் கூட்டமான பஸ்ஸில் போய்வந்தவர். மருமகளிடம் போய் நனைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வார்? நானாகக் கேட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கேயாவது தனியாக இருக்கிறேன் என்று கிளம்பிவிடுவார். அந்த வீம்பு எனக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும்.

எங்கள் குடியிருப்பில் பால்கனிக் கம்பியில் துணி தொங்கினால் அசோசியேஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். டிரையர் வாங்கியதே அதற்காகத்தான். நான் வேலைக்கு ரயில் பிடிக்கக் கிளம்பியதும் மாமா தன் வேட்டிகளைத் தானே அலசி, டிரையரில் உலர்த்தி, மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். சாயங்காலம் வந்ததும் நான் டிரையர் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருந்தால் அவர் பொழுது ஒழுங்காகக் கழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் அது ஜில்லென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. உடம்பு தேறிவிட்டது போல என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்புறம் காபி கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். அவர் வேட்டி இடுப்பிலிருந்து கரை வரைக்கும் ஈரமாக, சோப்பு வாசனையோடு இருந்தது. துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, உடம்பிலேயே உலர்த்திக்கொண்டிருக்கிறார். வெளியே கொட்டுகிற மழை, அவருக்கு இருமல் வேறு.

டிரையர் ரிப்பேரா என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். அவராலும் ரிப்பேர் என்று சொல்ல முடியாது.

எனக்குத் தேவை இருப்பது போலத் தலையணை உறைகளை நனைத்து டிரையரில் போட்டேன். டிரம் ஜோராகச் சுற்றியது. சமையல் முடித்து வந்து பார்த்தால் உறைகள் போட்டபடியே ஈரம். குளிர்காற்றில் வைத்துவிட்டேனோ என்று செட்டிங் குமிழைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வடிகட்டியில் சேர்ந்திருந்த பஞ்சைச் சுரண்டி எடுத்தேன். அப்போதும் சூடு வரவில்லை. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே என் கணவர், "வோல்டேஜ் கம்மியா இருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும் வோல்டேஜ்தான் காரணம்.

சனிக்கிழமை பம்மலிலிருந்து மெக்கானிக் வந்தார். மாமா ஹாலில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் டிரையருக்குப் போட்டிருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கம் உருகிச் சுருங்கியிருந்தது.

"இன்னா மேடம், குளுருதுன்னு கவர மாட்டிகினே ஓட்டினீங்களா? சூடு வெளிய போக வழி வேணாமா? ஓவரா ஏறினா கட் ஆவுறதுக்கு ஒரு பார்ட்டு கீது. அது கட் ஆயிடுச்சு. நல்லவேள, தீ புடிக்கல. யாரு ஓட்டினது?"

ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த வீட்டு அக்காவுக்குக் காது கூர்மை. எங்கள் மிக்ஸி ஓடினால் என்ன சட்னி என்று கேட்பார். மத்தியானத்தில் யார் துணி, என்ன துணி என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்று, சத்தத்தை அமுக்கத்தான் மாமா உறையோடு ஓட்டியிருக்கிறார்.

"நான்தாங்க" என்றேன்.

"படிச்சவங்க நீங்களே இப்டி பண்ணா பேஜாருதான்" என்று திட்டிக்கொண்டே மெக்கானிக் அந்தப் பாகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். டிரையரில் சூடு வந்தது.

மாமா பேப்பரை இறக்கினார். "நீ ஏம்மா பழிய ஏத்துக்கற? ஓட்டினது நான்."

"தெரியும் மாமா."

"எது?"

"எல்லாமே."

"எப்போலேர்ந்து?"

"நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாள்லேர்ந்து."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போச்சு, பெட்டி கட்டுகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் காலில் விழுந்து தடுப்பதா, கணவரைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அவர் வெளியே வந்தபோது கைநிறைய வேட்டிகள். ஈரத்தோடு மடித்து ஒளித்து வைத்ததில் எல்லாம் நாற்றமடித்தது.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் இத்தன நாள் ஈரத்துல உக்காந்திருக்க மாட்டேன்ல?" என்று வகுப்பில் அதட்டுவது போல அதட்டினார்.

குடித்த டம்ளரைக்கூட என்னிடம் கழுவக் கொடுக்காத மனிதர் அவர். அந்த வேட்டிகளை என் கையில் வைத்தார்.